முதல் கவசக் கிட்: அச்சுக்கோட்டில் வெட்டுவதா, உடம்பில் வைத்துப் பார்த்து வெட்டுவதா?

வெண்கவசம் (சாட்ஸ்வொர்த், டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். நெடுநாள் ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து வரவழைத்த விண்வெளிச் சிப்பாய் வேடக் கவசம் சுங்கத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. முழுக்க வெள்ளை ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஆனால் பெட்டியைத் திறந்தால் கவசம் என்று சொல்லக்கூடிய எதுவும் இல்லை. அச்சில் இழுத்த தகடுகள் அப்படியே இருக்கின்றன, ஒவ்வொன்றையும் சுற்றி வேண்டாத பிளாஸ்டிக் அகலமாக நிற்கிறது. கைக்கும் காலுக்கும் இரண்டிரண்டு பாதிகள். செய்முறைத் தாள் எதுவும் இல்லை.

தகடுகளின் ஓரத்தில் மெல்லிய பள்ளம் ஒன்று ஓடுகிறது. அதுதான் வெட்டுக்கோடு என்று நினைக்கிறேன். அதிலேயே வெட்டிவிடலாமா? என் உயரம் 1.66 மீட்டர், கொஞ்சம் தொப்பை உண்டு. கிட்டைப் பார்த்தால் ஆறடி ஆளுக்குச் செய்தது போலிருக்கிறது. என்ன கருவி வாங்க வேண்டும், எந்தப் பாகத்தில் தொடங்க வேண்டும், எந்தப் பசை நல்லது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவி. வேலை செய்ய இடம் பால்கனி மட்டும்தான். இந்த ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கில் நடக்கும் காமிக் கான் என்ற ரசிகர் விழாவுக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும் என்பது ஆசை.

குட்டிக்கார் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வாழ்த்துகள் தம்பி. கருவியை மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

ரிமோட் கார் விற்கும் கடையில் பாலிகார்பனேட் உடலை வெட்ட ஒரு கத்தரிக்கோல் வைத்திருப்பார்கள். முனை குட்டையாக, வளைந்து இருக்கும். வளைவுகளுக்கு அதைவிட நல்லது கிடையாது. நேர்க்கோடுகளுக்குக் கத்தரிக்கோல் வேண்டாம். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, முனை ஒடிக்கும் கத்தியால் லேசாகக் கீறுங்கள். அதே கீறலில் இன்னும் இரண்டு மூன்று முறை இழுங்கள். பிறகு கீறல் வெளிப்பக்கம் இருக்கும்படி பின்னால் மடக்கினால் பளிச்சென்று ஒடியும், ஓரமும் சுத்தமாக வரும். ஒரே இழுப்பில் வெட்டி முடிக்கப் பார்த்தால்தான் கத்தி வழுக்கிக் கையில் ஏறும்.

உள்மூலை வரும் இடத்தில் கவனமாக இருங்கள். இரண்டு வெட்டு சந்திக்கும் கூர்மையான மூலையில் பிற்பாடு விரிசல் ஓடும். அந்த மூலையில் முதலில் 3 மி.மீ. துளை போட்டுவிட்டு, இரண்டு பக்கமிருந்தும் துளைவரைக்கும் வெட்டுங்கள். வட்டமான முனையில் விசை ஓரிடத்தில் குவியாது, விரிசலும் தொடங்காது.

ட்ரெமல் போன்ற சுழல் கருவி இருந்தால் குறைந்த வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் அறுபடாது, உருகும். உருகியது சக்கரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கண்ணாடியும் தூசி முகமூடியும் கட்டாயம். ஏபிஎஸ் தூள் மிக நைசாக இருக்கும், பால்கனிக் காற்றில் அப்படியே முகத்துக்கு வரும்.

தகடுக்காரர் (லெனேசியா)

நான் பெயர்ப்பலகைத் தொழிலில் பிளாஸ்டிக் தகடு இழுத்தவன். அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று தெரிந்தால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

தகட்டைச் சூடாக்கி இளக்கி, அச்சின்மேல் போட்டு, அடியிலிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். தகடு அச்சைக் கவ்விக்கொள்ளும். அச்சு அடிப்பலகையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு விழும். சில அச்சுகளில் வெட்டுவதற்கென்றே பள்ளம் செதுக்கியிருப்பார்கள். உங்களுடையது அப்படித்தான் தெரிகிறது. அதற்கு வெளியே இருப்பதெல்லாம் உபரி. ஆனால் எறிந்துவிடாதீர்கள். இரண்டு பாதிகள் சேரும் மூட்டுகளை மூடும் பட்டைகளுக்கும் பிற்பாடு விரிசல் அடைக்கவும் அதே நிறத்தில், அதே பிளாஸ்டிக்கில் துண்டு அதிலிருந்துதான் கிடைக்கும்.

இன்னொன்று, இழுத்த தகடு எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இருக்காது. உயரமான அச்சின் பக்கச் சுவர்களிலும் ஆழமான மூலைகளிலும் தகடு அதிகம் இழுபடும், அங்கே மெலிந்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், மெலிந்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். அங்கெல்லாம் உள்பக்கம் ஒரு துண்டு ஒட்டி வலுவாக்குவது நல்லது.

என் கருத்து, முதலில் எல்லாவற்றையும் பள்ளத்தில் வெட்டுங்கள். உருவம் கண்ணுக்குத் தெரியாமல் அளவு பார்க்க முடியாது.

முழங்கால்தட்டு (கேப்டவுன்)

தகடுக்காரர் அண்ணா சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். உபரியைப் பள்ளத்துக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டலாம், அதுவரைக்கும் பயமில்லை. ஆனால் இரண்டு பாதிகள் சேரும் நீண்ட ஓரங்களை உடம்பில் வைத்துப் பார்க்காமல் கடைசி அளவுக்கு வெட்டக்கூடாது. அச்சு ஒரே ஆளுக்குச் செய்தது, அணிபவர்கள் பலவிதம். கூடுதலாக இருப்பதை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம். வெட்டியதை மறுபடி வளர்க்க மணிக்கணக்கில் வேலை.

நான் செய்யும் முறை இது. கவசத்துக்குக் கீழே என்ன அணியப் போகிறீர்களோ அதை அணிந்துகொள்ளுங்கள். வெறுங்காலில் அளக்காதீர்கள். இரண்டு பாதிகளையும் காலைச் சுற்றி வைத்து, மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, முன்பக்கமும் பின்பக்கமும் எங்கே ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். ஒரே ஓர் உயரத்தில் குறித்தால் போதாது. முழங்காலுக்குக் கீழே, கெண்டைச் சதையின் அகலமான இடம், கணுக்காலுக்கு மேலே என்று மூன்று இடத்திலும் குறித்து இணைத்தால் உங்கள் காலின் உண்மையான கோடு வரும். அது நேராக இருக்காது.

முன்பக்க மூட்டு எல்லோர் கண்ணிலும் படும், ஆகவே அங்கே அளவை மாற்றாதீர்கள். காலில் மூட்டை மூட 20 மி.மீ. பட்டை வரும் என்று வைத்தால், ஒவ்வொரு பாதியின் முன் ஓரத்திலும் 10 மி.மீ. சமதளம் விட்டு வெட்டுங்கள். பட்டை நடுவில் நேராக உட்காரும். மிச்சம் குறைக்க வேண்டியது எவ்வளவானாலும் பின்பக்கத்தில் குறையுங்கள். கையில் பட்டை 15 மி.மீ., ஆகவே பக்கத்துக்கு ஏழரை.

வலது காலையும் இடது காலையும் மாற்றிவிடாமல் முதலிலேயே உள்பக்கம் எழுதி வையுங்கள். கெண்டைச் சதை காலின் வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஒரே உயரத்தில் புடைக்காது, அச்சும் அதற்கேற்றபடிதான் இருக்கும்.

வெண்கவசம்

மிக்க நன்றி. அக்கா சொன்னபடி அளந்தேன். கால்சட்டையோடு கெண்டைக்கால் சுற்றளவு 38 செ.மீ. ஒவ்வொரு பாதியும் பள்ளத்துக்கு உட்பட்டு 23.5 செ.மீ. அகலம். இரண்டும் சேர்ந்தால் 47. அப்படியென்றால் 9 செ.மீ. வெட்ட வேண்டுமா?

முழங்கால்தட்டு

ஒன்பது வேண்டாம். நடக்கும்போது தசை புடைக்கும், வியர்வையில் துணியும் கனக்கும். சுற்றளவோடு 2 செ.மீ. கூட்டி 40 என்று வையுங்கள். 47-இலிருந்து 40 போனால் 7. அதை இரண்டு பாதியின் பின் ஓரத்திலும் மூன்றரை மூன்றரையாக எடுங்கள். ஒரே நாளில் மூன்றரையும் எடுக்காமல், முதலில் மூன்று எடுத்து டேப் ஒட்டி நடந்து பாருங்கள்.

காலில் பின்பக்கம் வெல்க்ரோவால் திறந்து மூடும்படி வைப்பார்கள், ஆகவே பாதம் நுழையுமா என்ற கவலை இல்லை. முன்கை அப்படி இல்லை. இரண்டு பக்கமும் ஒட்டிவிடுவதால் மணிக்கட்டு வாய் வழியாக உங்கள் கை நுழைந்தாக வேண்டும். கட்டைவிரலை உள்ளே மடக்கி, கையுறையோடு, விரல் கணுக்களைச் சுற்றி அளந்து பாருங்கள். அந்த அளவுக்குக் கீழே மணிக்கட்டு வாய் போகக் கூடாது. மணிக்கட்டில் அழகாக இறுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அதைச் சிறிதாக்குகிறவர்கள் பிறகு அணியவே முடியாமல் தவிப்பார்கள்.

தொடக்கமாக முன்கையை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன பாகம், நான்கு துண்டுதான். கையில் பழக்கம் வந்த பிறகு மேற்கை, பின் கால், கடைசியில் உடல்.

தகடுக்காரர்

நீளத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 1.66 உயரத்துக்கு அகலத்தைவிட நீளம்தான் அதிகத் தொல்லை தரும். தொடைக் கவசத்தின் கீழ் விளிம்பில் அச்சின் வேலைப்பாடு இருக்கும், அதை வெட்டினால் உருவமே கெடும். ஆகவே மேல் விளிம்பில் குறையுங்கள், அது இடுப்புத் தகட்டுக்குள் மறையும். தொடையின் உள்பக்கத்தை வெளிப்பக்கத்தைவிடக் கூடுதலாக இறக்கி வெட்டினால்தான் நடக்கும்போது கவட்டையில் இடிக்காது. கணைக்கால் கவசத்தையும் மேலிருந்து குறைக்கலாம். முழங்கால் தட்டு ஒட்டும் இடம் அங்கே இருந்தால் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளிம்பில் உள்நோக்கி மடிந்து நிற்கும் சின்ன மடிப்பைப் பார்த்திருப்பீர்கள். அது இருந்தால் பக்கவாட்டில் பார்க்கும்போது தகடு தடிமனாகத் தெரியும், அழகு. மார்பிலும் முதுகிலும் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு, முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களில் முழுவதும் எடுத்துவிடுங்கள். அங்கே அந்த மடிப்புதான் தோலை அறுக்கும்.

மேட்டுவாசி (ஜோகன்னஸ்பர்க்)

இழைக்கு நடுவில் ஒரு கேள்வி. என்னுடைய மேற்கைப் பாதிகள் மிகவும் விரிந்து இருக்கின்றன, டேப் ஒட்டினால் பிடுங்கிக்கொண்டு நிற்கின்றன. காணொளிகளில் எல்லோரும் கொதிநீரில் முக்கி வளைக்கிறார்கள். நானும் அப்படியே செய்கிறேன், துளிகூட வளையவில்லை. உப்புப் போட்டால் சூடு கூடுமா?

தகடுக்காரர்

உங்கள் ஊர்தான் காரணம். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு, ஆகவே தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஏபிஎஸ் இளகத் தொடங்குவது சுமார் 105 டிகிரியில். டர்பன்காரருக்கு 100 டிகிரி கிடைக்கிறது, எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார். நீங்கள் 11 டிகிரி தள்ளி நிற்கிறீர்கள். உப்பு உதவாது. லிட்டருக்கு 60 கிராம் போட்டாலும் ஒரு டிகிரிதான் ஏறும்.

கொதிநீரில் தகடு மெழுகாக இளகும் என்று எதிர்பார்க்கவே கூடாது, டர்பனிலும் அப்படித்தான். தகட்டை வேண்டிய வளைவைவிடக் கொஞ்சம் இறுக்கமாக நாடாவால் கட்டி, கட்டியபடியே நீரில் சில நிமிடம் வைத்து, கட்டியபடியே குளிர்ந்த நீரில் ஆற விடுங்கள். அவிழ்த்தால் கொஞ்சம் பின்வாங்கும், கொஞ்சம் நிற்கும். திரும்பச் செய்யுங்கள். உங்கள் ஊரில் இதை இன்னும் பொறுமையாகச் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஹீட் கன் வேகமாக வேலை செய்யும், அதே வேகத்தில் கெடுக்கவும் செய்யும். எடுத்தால் குறைந்த சூட்டில், 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்திலும் நிற்காமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். மேற்பரப்பின் பளபளப்பு மாறினால் உடனே விலக்குங்கள். முதலில் உபரித் துண்டில் பழகுங்கள், இது கட்டாயம்.

மேட்டுவாசி

இதை எந்தக் காணொளியும் சொல்லவில்லை அண்ணா. நாடா கட்டி இரண்டு சுற்றுச் செய்துவிட்டேன், ஓரங்கள் இப்போது தாமாகவே கிட்ட வருகின்றன. நன்றி.

குட்டிக்கார்

சரி, பசைக்கு வருவோம். இதில்தான் புதியவர்கள் அதிகம் அவசரப்படுகிறார்கள்.

கைவினைக் கடையில் கிடைக்கும் இ6000 என் முதல் தேர்வு. காய்ந்த பிறகும் ரப்பர் போல வளையும், ஏபிஎஸ்ஸைத் தின்னாது. வெட்டு தப்பென்று தெரிந்தால் மெல்ல நெம்பிப் பிரித்து, பசையை உரித்து, மறுபடி ஒட்டலாம். தொடக்கக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? குறை என்னவென்றால் நேரம். பிடிக்க 24 மணி நேரம், முழு பலம் வர 72 மணி வரை ஆகும். குளிரில் இன்னும் தாமதம். காற்றோட்டமான இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள், அதன் கரைப்பான் ஆவி நல்லதல்ல.

சூப்பர் குளு நொடியில் பிடிக்கும். ஆனால் கண்ணாடி மாதிரி இறுகி, வளையும் இடத்தில் படக்கென்று விட்டுவிடும். தவறாக ஒட்டினால் பிரிக்கும்போது பிளாஸ்டிக்கும் சேர்ந்து வரும். செருப்புக்கும் மேசைக்கும் போடும் காண்டாக்ட் பசைகளில் உள்ள கரைப்பான் ஏபிஎஸ்ஸை இளக்கிவிடக் கூடியது, வெள்ளைப் பரப்பில் நெளிவு விழும். அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

ஒட்டும் முன் இரண்டு பரப்பையும் 240 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். முதலில் உள்பக்கப் பட்டையை ஒட்டி இரண்டு பாதியையும் சேருங்கள். அது காய்ந்த பிறகு வெளிப்பட்டை. பிடித்து வைக்க நியோடைமியம் காந்தங்களை உள்ளும் வெளியும் வரிசையாக வைத்தால் அழுத்தம் சமமாக இருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் காந்தத்தை எண்ணி வைத்து எண்ணி எடுங்கள். இரண்டை விழுங்கினால் குடலைக் கவ்விப் பிடித்துவிடும், உயிருக்கே ஆபத்து.

தகடுக்காரர்

இ6000 சரிதான். விரிசல் அடைக்கவும் இடைவெளி நிரப்பவும் அது ஆகாது. அதற்கு ஏபிஎஸ் கூழ். உபரித் துண்டுகளை அரிசி அளவுக்கு நறுக்கி, கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தூய அசிட்டோன் ஊற்றி, மூடி ஓரிரவு வையுங்கள். கரைந்து தோசைமாவுப் பதத்துக்கு வரும். நகப்பூச்சு நீக்கி வேண்டாம். சிலவற்றில் அசிட்டோனே இல்லை, சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். கூழ் காயும்போது சுருங்கும், ஆகவே கொஞ்சம் மேடாகவே பூசி, நன்றாக இறுகிய பிறகு 240, 400, 600 என்று தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். ஹீட் கன், அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

ஊசிநூல் (பீனிக்ஸ், டர்பன்)

நான் பரதநாட்டிய உடுப்புகள் தைப்பவள். கவசம் செய்யத் தெரியாது. ஆனால் என் மகனுக்குப் பட்டைகள் தைத்துக் கொடுத்தேன், அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் வெட்டையும் ஒட்டையும் பேசுகிறீர்கள். கவசம் உடம்பில் நிற்பது பட்டையால்தான் தம்பி. பட்டை சரியில்லை என்றால் சரியாக வெட்டிய தொடையும் முழங்காலுக்கு இறங்கிவிடும், அதைப் பார்த்து வெட்டுதான் தப்பு என்று நினைப்பீர்கள்.

எலாஸ்டிக்கை நேராகப் பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டாம். இழுத்து இழுத்துப் பசை விடும். நைலான் பட்டையில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, ஓரத்தை நெருப்பில் காட்டி நூல் பிரியாமல் செய்து, நடுவில் பிரஸ் பட்டனின் ஒரு பாதியை அடித்து, அந்தத் துண்டை இ6000-ஆல் தகட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். பட்டனின் மறுபாதி எலாஸ்டிக்கின் முனையில். பிறகு எது தளர்ந்தாலும் எலாஸ்டிக்கை மட்டும் கழற்றி மாற்றலாம். தோளுக்கும் பக்கத்துக்கும் 38 மி.மீ. அகலம், கைக்கு 25 போதும். முனைகளைச் சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்குத் தையல் போடுங்கள்.

தொடைக் கவசம் இரண்டையும் இடுப்பில் ஓர் உள்பெல்ட்டிலிருந்து தொங்க விடுங்கள். மேற்கையைத் தோள் கவசத்திலிருந்து தொங்க விடுங்கள். உள்ளே அணியும் கறுப்பு உடுப்பு வியர்வையை இழுக்கிற துணியாக இருக்கட்டும். டர்பன் ஈரக்காற்றில் பிளாஸ்டிக்குக்குள் ஒரு மணி நேரம் நிற்பது சாதாரணமில்லை.

கூத்துவீட்டுப் பேரன் (டோங்காட்)

ஊசிநூல் அக்கா சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் தாத்தா கரும்புத் தோட்டப் பக்கம் தெருக்கூத்து ஆடியவர். 1860-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களோடு நட்டாலுக்கு வந்த கூத்து. இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்றும் சொல்வார்கள். கிரீடம், புஜக்கீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் வைத்துக்கொண்டு விடிய விடிய ஆட வேண்டும், சுழல வேண்டும். எதுவும் கழலக்கூடாது.

தமிழ்நாட்டில் அந்த அணிகலன்களைக் கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்டுவார்கள். எடை குறைவாக இருப்பதே முதல் தேவை. தாத்தா சொல்வது, அணியை உடம்பில் கட்டாதே, உடம்பில் துணியைக் கட்டி அந்தத் துணியில் அணியைக் கட்டு என்று. முதலில் இடுப்பிலும் மார்பிலும் பருத்தித் துணியை இறுகச் சுற்றுவார்கள். மேலே வரும் எல்லாம் அதில் பிடிக்கும். பாரம் தோளும் இடுப்பும் தாங்கும், கையும் காலும் சும்மா இருக்கும். கட்டி முடித்ததும் நின்று கண்ணாடி பார்க்க மாட்டார்கள். முதலில் சுழன்று பார்ப்பார்கள், உட்கார்ந்து எழுந்து பார்ப்பார்கள். எது இடிக்கிறதோ அந்தக் கட்டை மாற்றுவார்கள்.

உங்கள் பிளாஸ்டிக் கவசத்துக்கும் அதுவே சரி என்று நம்புகிறேன். பசை போடுவதற்கு முன்னால், டேப் ஒட்டிய நிலையில் வீட்டுக்குள் நடங்கள், படி ஏறுங்கள், குனிந்து கீழே கிடக்கும் ஒன்றை எடுங்கள், கையை மேலே தூக்குங்கள். நிற்கும்போது பொருந்துவது எல்லோருக்கும் எளிது.

வெண்கவசம்

அண்ணா, நீங்கள் சொன்னபடியே முழுக் கவசத்தையும் டேப்பால் ஒட்டிக்கொண்டு நடந்தேன். தம்பி பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டான். நிற்கும்போது எல்லாம் கச்சிதமாக இருந்தது. படியில் முதல் அடி வைத்ததும் கணைக்கால் கவசத்தின் மேல்விளிம்பு முழங்காலின் பின்னே குத்தியது. கையை மடக்கினால் முன்கையின் மேல்விளிம்பும் மேற்கையின் கீழ்விளிம்பும் மோதி, தோளைத் தொட முடியவில்லை. குனிந்தால் வயிற்றுத் தகடு மார்புத் தகட்டுக்குள் ஏறுகிறது. அதைவிடப் பெரிய பிரச்சினை, வயிற்றுத் தகட்டுக்கும் முதுகுப் பக்கத் தகட்டுக்கும் இடையில் இரண்டு பக்கமும் நான்கு செ.மீ. இடைவெளி. மூடவே இல்லை. உடம்பைக் குறைக்க நேரமில்லை, என்ன செய்வது?

முழங்கால்தட்டு

இப்போதே தெரிந்தது நல்லது, எதுவும் ஒட்டவில்லையே. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முழங்காலின் பின்னே குத்துவதற்கு, கணைக்கால் கவசத்தின் பின்பக்க மேல்விளிம்பை மட்டும் அரைவட்டமாக இறக்குங்கள். முன்பக்கம் கை வைக்க வேண்டாம். விரல் அகலம் இறக்கிப் படி ஏறிப் பாருங்கள், பிறகு தேவையானால் இன்னும் கொஞ்சம். முழங்கையிலும் இதே வழி, உள்மடிப்புப் பக்கம் மட்டும் வளைவாகக் குறையுங்கள். வெளிப்பக்கம் நீளமாகவே இருக்கட்டும், பார்ப்பவர் கண்ணுக்கு அதுதான் தெரியும். மார்புத் தகட்டுக்குள் வயிற்றுத் தகடு கொஞ்சம் ஏறுவது இயல்பு, அதை வெட்டாதீர்கள். நடுவில் எலாஸ்டிக் போட்டால் நிமிரும்போது தானாக இறங்கும்.

பக்கத்து இடைவெளிக்கு ஒட்டுத்துண்டு போடலாம். நிறைய பேர் போட்டிருக்கிறார்கள், தெரியவே தெரியாது.

தகடுக்காரர்

அதன் வேலையை நான் விவரமாகச் சொல்கிறேன். நான்கு செ.மீ.யையும் ஒரே தகட்டில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மூட்டு பின்பக்கம் அல்லது முன்பக்கம் நகர்ந்து உருவம் கோணும். வயிற்றுத் தகட்டில் இரண்டு, முதுகுப் பக்கத் தகட்டில் இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். உபரியில் சமமான துண்டு வெட்டி, தகட்டின் ஓரத்தோடு முட்ட வைத்து, உள்பக்கம் அகலமான ஆதரவுப் பட்டை ஒட்டுங்கள். காய்ந்த பிறகு வெளிப்பக்கத்து மூட்டில் கூழ் பூசித் தேயுங்கள்.

ஓரம் ஓரத்தோடு முட்டும் இடத்தில் இரண்டு விளிம்பையும் உப்புத்தாளால் லேசாகச் சரித்துவிட்டால் நடுவில் ஒரு பள்ளம் வரும். கூழ் அதில் இறங்கிப் பிடிக்கும். சமமான விளிம்பில் மேலே மட்டும் பூசினால் நாளடைவில் மயிரிழை விரிசல் தெரியும். கடைசியில் நைஸ் பாலிஷ் போட்டுத் துணியால் தேய்த்தால் பளபளப்பு ஒன்றாகிவிடும்.

மேட்டுவாசி

எனக்கும் அந்த இடைவெளி உண்டு. துண்டு போடாமல் பக்கத்தில் கறுப்பு எலாஸ்டிக்கை அகலமாக வைத்து மூடினால் என்ன?

ஊசிநூல்

இரண்டு சென்டிமீட்டர் வரைக்கும் அப்படிச் செய்யலாம் தம்பி, கைக்குக் கீழே யாரும் பார்க்க மாட்டார்கள், மூச்சு விடவும் வசதி. நான்கு என்றால் வெள்ளைக்கு நடுவில் கறுப்புப் பட்டையாகத் தெரியும். உங்களுடையது எவ்வளவு என்று பாருங்கள்.

குட்டிக்கார்

வைக்கும் இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெட்டிய பாகங்களைப் பால்கனியில் வெயிலில் விடாதீர்கள். புற ஊதாக் கதிரில் ஏபிஎஸ் மஞ்சளாகும். நிறம் மாறினால் அந்தத் துண்டு மட்டும் தனியாகத் தெரியும். கோடையில் மூடிய காருக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுப் போகாதீர்கள், சூட்டிலும் பாரத்திலும் அடியில் இருப்பது நெளியும். ஜோகன்னஸ்பர்க்குக்குக் காரில் ஆறு மணி நேரம் போகிறீர்கள், கவசத்தைத் துணி சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், கனமான மார்பும் முதுகும் அடியில் வரும்படி வையுங்கள். கூடவே ஓர் அவசரப் பை வேண்டும். இ6000, கறுப்பு எலாஸ்டிக், இரண்டு மூன்று பிரஸ் பட்டன், வெள்ளை டேப், சின்னக் கத்தரிக்கோல்.

முழங்கால்தட்டு

அதோடு ஒரு துணை ஆள். 2018-இல் ஜோகன்னஸ்பர்க்கில் காமிக் கான் தொடங்கியதிலிருந்தே கூட்டம் நெருக்கம். தலைக்கவசத்துக்குள் கீழே பார்க்க முடியாது, காலடியில் குழந்தை நின்றாலும் தெரியாது. கையைப் பிடித்து நடத்தவும், தண்ணீர் கொடுக்கவும், கழன்ற பட்டையை மாட்டவும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். உங்கள் தம்பியே சரியான ஆள், எங்கெங்கே இடிக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

வெண்கவசம்

தம்பி சரி என்றுவிட்டான். முன்கை இரண்டும் உள்பட்டை ஒட்டிக் காந்தத்தோடு நிற்கின்றன. கணைக்காலின் பின்விளிம்பை இறக்கியாயிற்று, இப்போது படி ஏற முடிகிறது. வயிற்றுத் தகட்டுக்கு ஒட்டுத்துண்டு வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம், ஆதரவுப் பட்டையை இ6000-ஆல் ஒட்டிவிட்டு மேலே கூழ் பூசினால் அசிட்டோன் அந்தப் பசையைக் கரைக்குமா?

தகடுக்காரர்

நல்ல கேள்வி. கூழில் இருக்கும் அசிட்டோன் பசைக்குள் இறங்கினால் இளக்கும். ஒட்டுத்துண்டுக்கு இ6000 வேண்டாம். ஆதரவுப் பட்டையையும் அதே கூழால் ஒட்டுங்கள். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் கரைந்து ஒன்றாகிவிடும், பிறகு பிரிக்க முடியாது. அதனால் ஒட்டுவதற்கு முன்னால் டேப் போட்டு இன்னொரு முறை உட்கார்ந்து எழுந்து பார்த்துவிடுங்கள். மெல்லியதாகப் பூசுங்கள், நிறைய பூசினால் வெளிப்பக்கம் வரை இளகிப் பள்ளம் விழும். தேய்ப்பதற்கு முன் இரண்டு நாள் காய விடுங்கள்.